நாலாம் லேனில் இருபத்துமூன்று குழிகள்

செண்பகவடிவு நீந்திப்போன தண்ணீர் அவளுக்குப் பின்னால் மூடிக்கொள்ளாமல் நின்றுபோன அன்றைக்கு வடகரைக்குறிச்சிக்கு வேறு வேலை இல்லை. பஞ்சாலைக்கு விடுமுறை, வெயில் மண்டையைப் பிளந்தது, மாநில நீச்சல் போட்டி என்று காலையிலிருந்து ஒலிபெருக்கி கத்திக்கொண்டிருந்தது, ஆகவே ஆலைக்காரர்கள் கட்டிவைத்த ஐம்பது மீட்டர் குளத்தைச் சுற்றி ஊரே கையில் சுண்டல் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தது. நடந்ததைப் பார்க்காதவர்கள் யாரும் இல்லை. பார்த்தேன் என்று பிற்பாடு சொன்னவர்களும் யாரும் இல்லை.

வடிவுக்கு அப்போது பத்தொன்பது வயது. குளத்துக்குத் தண்ணீர் ஏற்றி, குளோரின் கலந்து, பாசி தேய்க்கும் பம்ப் ஆபரேட்டர் இசக்கிமுத்துவின் மகள். வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் போன பிறகு அப்பன் தரையைக் கழுவும் அரைமணி நேரத்தில் நீந்திப் பழகியவள், பழகியதில் மாவட்டத்தில் அவளை முந்த ஆளில்லாமல் போனவள். அவள் நீந்தியது மார்பு நீச்சல். அந்தப் பெயரை வாயால் சொல்லக் கூச்சப்பட்டு ஊர் அதைத் தவளை நீச்சல் என்றே சொல்லும். பொம்பளைப் பிள்ளை குளத்தில் இறங்கினால் கண்ணை மட்டும் மூடத் தெரியாது, பெயரைச் சொல்ல மட்டும் கூச்சம் வந்துவிடும்.

அந்த நீச்சலுக்கு ஒரு சட்டம் உண்டு. சுவரை இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். ஒரு கை முந்தி மறு கை பிந்தினால் நீந்தியதெல்லாம் தண்ணீரோடு போச்சு. பிந்தியதைக் கண்ட நடுவர் அந்த நொடியே கையைத் தூக்க வேண்டும். நூறு மீட்டர் பந்தயத்தில் வடிவு இரண்டு கையாலும் தொட்டாள். அடுத்த லேனில் வந்த வினோதினி அவளுக்கு ஓர் ஆள் நீளம் பின்னால் வந்துகொண்டிருந்தாள். வினோதினி யார்? நீச்சல் சங்கத்துச் செயலாளர் பொன்னுலிங்கத்தின் மகள். சுவரோரம் குனிந்து நின்ற நடுவர் ஞானதிரவியம் சார், பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர், முதலில் வடிவின் கைகளைப் பார்த்தார். பிறகு மேலே பந்தலில் உட்கார்ந்திருந்த பொன்னுலிங்கத்தைப் பார்த்தார். அதற்கு அப்புறம்தான் கையைத் தூக்கினார். தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவள் அந்த வரிசையை அப்படியே கண்ணில் வாங்கிக்கொண்டாள்: கை, பந்தல், கை.

இடது கை பிந்தியது என்று எழுதினார்கள். தகுதி நீக்கம். முதலிடம் வினோதினி. முதலிடத்துக்காகக் காத்திருந்த விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை, அந்த வேலைக்காகத் தள்ளிப்போட்டிருந்த கல்யாணம், அப்பனின் மூட்டுவலிக்குச் சொல்லிவைத்திருந்த ஆபரேஷன் எல்லாம் அந்த ஒரு வரியில் அடித்துப்போனது. வினோதினிக்கு அந்த வேலை தேவைப்படக்கூட இல்லை. கல்யாணம் பண்ணி மஸ்கட்டுக்குப் போய்விட்டாள்.

தண்ணீர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் எல்லாரும் போன பிறகு இசக்கிமுத்து பார்த்தார்: நாலாம் லேனில், கடைசி ஐம்பது மீட்டரில் வடிவு எங்கெங்கே கையை விரித்துத் தண்ணீரைப் பிளந்து எழும்பினாளோ அங்கங்கே ஒரு குழி, பணியாரச் சட்டியில் இருப்பதுபோல வரிசையாக இருபத்துமூன்று குழிகள், வழவழவென்று, காற்றடித்தாலும் கலையாமல் நின்றன. வரிசை முடிகிற இடத்தில், சுவரை ஒட்டி, தண்ணீரில் இரண்டு உள்ளங்கைப் பள்ளங்கள். இரண்டும் ஒரே ஆழம். இரண்டும் ஒரே மட்டம். நூல் பிடித்துப் பார்த்தாலும் ஒன்றுக்கொன்று இம்மி பிந்தாது.

செயலாளர் குளத்தை வடிக்கச் சொன்னார். இசக்கிமுத்து வடித்தார், தேய்த்தார், நிரப்பினார். தண்ணீர் விளிம்புக்கு வந்ததும் குழிகளும் வந்தன. மறுபடி வடிக்கச் சொன்னார், மறுபடி வந்தன. மூன்றாம் தடவை லாரியில் வேறு ஊர்த் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். வேறு ஊர்த் தண்ணீருக்கும் விஷயம் தெரிந்திருந்தது.

"விடு தாயி," என்றார் இசக்கிமுத்து மகளிடம். "தண்ணிக்குத் தெரிஞ்சா போதும்."

"தண்ணி வேலை குடுக்குமாப்பா?" என்றாள் வடிவு. அவர் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போனார், சாகும்வரைக்கும் அந்தக் குளத்தைத்தான் தேய்த்தார்.

ஊர் இருக்கிறதே, அதற்கு எதையும் பழகிக்கொள்ள ஒரு வாரம் போதும். முதல் நாள் வேடிக்கை பார்த்தது. இரண்டாம் நாள் யாரோ எலுமிச்சம்பழம் வைத்தார்கள். மூன்றாம் நாள் பிள்ளையில்லாதவர்கள் வந்தார்கள், நாலாம் நாள் பரீட்சைக்குப் போகிறவர்கள், அஞ்சாம் நாள் பெண் பார்க்க வரப்போகிறார்கள் என்று தாய்மார்கள் மகள்களை இழுத்துக்கொண்டு வந்து குழித் தண்ணீரைக் கண்ணில் ஒற்றிவிட்டுப் போனார்கள். இன்ஜினியரிங் கல்லூரியிலிருந்து ஒரு புரொஃபசர் வந்து குழிகளை அளந்து பரப்பு இழுவிசை என்று நோட்டில் எழுதி, அந்த நோட்டைக் குழியிலேயே தவறவிட்டுப் போனார். இது அம்மனின் மார்புத் தடம் என்றார்கள் சிலர், அப்போது மட்டும் அந்தச் சொல் கூசாமல் வந்தது. கடல்மேல் நடந்தவருடைய அடிச்சுவடு என்று மேலத்தெருவில் சொன்னார்கள், அதையும் கேட்டுக்கொண்டார்கள். குளத்து வாசலில் பூக்கடை வந்தது, தேங்காய்க் கடை வந்தது, சின்னச் சின்ன பாட்டிலில் குழித்தண்ணீர் விற்கிற கடை வந்தது. நாலாம் லேனுக்குக் கம்பிவேலி போட்டு, சங்கம் ஒரு பலகை வைத்தது: 'அதிசயத் தடம். காலணி அணிந்து வரக்கூடாது.'

யாருடைய தடம் என்று பலகையில் இல்லை. எதிர்ச் சுவரில், ஆளுயர எழுத்தில், பச்சைப் பெயிண்டில் இருந்தது: 'மகளிர் நூறு மீட்டர், முதலிடம், பொ. வினோதினி.' அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுதான் ஊர் இருபத்தைந்து வருஷமாகக் குழிகளைக் கும்பிட்டது.

வடிவு ஒருநாளும் போய்ப் பார்க்கவில்லை. கூட்டுறவுச் சொசைட்டியில் கிளார்க்காக இருந்த அருணகிரிக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். ஒரு மகளைப் பெற்றாள், வளர்த்தாள், படிக்கக் கோயம்புத்தூர் அனுப்பினாள், மாவரைத்தாள், அரைத்த மாவு புளிப்பதற்குள் அடுத்த மாவை ஊறப்போட்டாள். பக்கத்து வீட்டுக்காரிகள் வெள்ளிக்கிழமை கூப்பிடுவார்கள். "வா மதினி, உன் தடம்தானே, ஒரு எட்டு வந்து கும்பிட்டுட்டு வரலாம்." வடிவு அரிவாள்மனையிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்வாள்: "செத்தவ போட்டோவுக்கு மாலை போடச் செத்தவளையே கூப்பிடுவாவளா மதினி? நீங்க போய்ட்டு வாங்க."

ஆனால் வருஷம் தவறாமல், போட்டி நடந்த அதே தேதியில், சங்கத்துக்கு ஒரு மனு எழுதினாள். கான்வென்டில் இலவசச் சீட்டில் படித்தவள். கடிதம் எழுத சிஸ்டர் அடித்துச் சொல்லிக்கொடுத்திருந்தார். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை. பொருள்: என் முடிவைத் திருத்தக் கோருதல். பார்வை: நாலாம் லேன். பதில் கேட்டுப் பதிவுத் தபாலில் அனுப்புவாள். பெரும்பாலும் பதில் வராது. ஒரே ஒரு தடவை வந்தது. 'விதிப்புத்தகத்தின்படி நடுவரின் கண்ணே இறுதி. தங்கள் மனுவில் குறிப்பிட்டுள்ள தடம் தண்ணீரால் ஏற்பட்டது. தண்ணீர், சங்கத்தால் அங்கீகரிக்கப்பட்ட நடுவர் அல்ல.'

அந்தக் கடிதத்தை அவள் கிழிக்கவில்லை. அரிசிப் பானைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அரிசி எடுக்கும்போதெல்லாம் ஒருதரம் கோபப்பட வேண்டும், இல்லாவிட்டால் ஆறிப்போய்விடும் என்று.

இருபத்தைந்தாம் வருஷம் பொன்னுலிங்கமே வீட்டுக்கு வந்தார். வயசு எண்பதைத் தொட்டிருந்தது, செயலாளர் பதவி இன்னும் அவரை விட்டுப் போகவில்லை. தாம்பாளத்தில் வெற்றிலை, ஆப்பிள், மேலே ஓர் அழைப்பிதழ்: அதிசயத் தடம் வெள்ளிவிழா.

"நல்லா இருக்கியாம்மா வடிவு? நீதான் விளக்கேத்தணும். கலெக்டர் வர்றாவ. ஞானதிரவியம் சார் கையால உனக்குப் பொன்னாடை. நடுவரே போத்துனா அது ஒரு கௌரவம் பாத்துக்க."

அருணகிரி காபி கொண்டுவந்தார். வடிவு தாம்பாளத்தைத் தொடவில்லை.

"வாறேன் அண்ணாச்சி. முடிவைத் திருத்திக் குடுத்துட்டீங்களா?"

பொன்னுலிங்கம் சிரித்தார். "அது பழைய கதைல்லா. ஒரு பேப்பர்ல என்னம்மா கெடக்கு? ஊரே உன் தடத்தைக் கும்பிடுது."

"கும்பிடத் தெரியுது. எழுதத் தெரியலையோ?"

"அப்படிப் பேசாதே. எழுதினா, அன்னைக்கு நாங்க தப்புப் பண்ணோம்னு ஆயிரும்லா."

"ஆமா," என்றாள் வடிவு. "அப்படித்தான் ஆகும்."

அவர் போன பிறகு அருணகிரி மெதுவாகச் சொன்னார். "போய்ட்டு வாயேன் ஏட்டி. ஒரு பொன்னாடைதானே."

"போகத்தான் போறேன்," என்றாள். அவள் போனை எடுத்து மகளைக் கூப்பிட்டு, அலமாரியில் அவளுடைய காலேஜ் டி-ஷர்ட்டும் கறுப்பு லெக்கின்ஸும் எந்தத் தட்டில் இருக்கின்றன என்று கேட்டதை அவர் கவனிக்கவில்லை.

விழாவுக்குப் பட்டுச்சேலையில் போய் இறங்கினாள், கையில் ஒரு துணிப்பை. விளக்கேற்றினாள். பேசினவர்கள் எல்லாரும் தண்ணீரைப் பற்றிப் பேசினார்கள். தண்ணீரின் மகிமை, தண்ணீரின் கருணை, இந்த ஊர்த் தண்ணீருக்கு வந்த பாக்கியம். கலெக்டர் மழைநீர் சேகரிப்பைப் பற்றிப் பேசினார். ஞானதிரவியம் சார் பொன்னாடையைப் பிரித்துக்கொண்டு கிட்டே வந்தபோது வடிவு மைக்கைப் பிடித்தாள்.

"சார், போத்துறதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு சொல்லிருங்க. அன்னைக்கு என் இடது கை பிந்துச்சா?"

ஞானதிரவியம் சார் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரே மட்டத்தில் கிடந்த இரண்டு பள்ளங்களைப் பார்த்தார். பிறகு பொன்னுலிங்கத்தைப் பார்த்தார். அதற்கு அப்புறம் சொன்னார்: "அது வந்து... அன்னைக்கு வெயில் ஜாஸ்திம்மா."

அதே வரிசை. கை, பந்தல், கடைசியில் தூக்கின கைக்குப் பதில் வாய். இருபத்தைந்து வருஷத்தில் மனுஷன் வரிசையைக்கூட மாற்றிக்கொள்ளவில்லை.

வடிவு மைக்கை வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு உடை மாற்றும் அறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது டி-ஷர்ட்டும் லெக்கின்ஸுமாக இருந்தாள். கொண்டையை இறுக்கி முடிந்திருந்தாள். வேலிக் கதவைத் திறந்து, சுற்றி வந்து, எதிர்க்கரையில் குழிகள் தொடங்குகிற இடத்தில் இறங்கினாள். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அம்மன் தன் தடத்துக்குத் தானே வந்துவிட்டாள் என்று ஓர் அம்மா குலவையிட்டாள்.

தண்ணீர் அவளை அடையாளம் கண்டுகொண்டது. பத்தொன்பது வயசுக்காரி விட்டுப்போன குழிக்குள் நாற்பத்துநாலு வயசுக்காரியின் தோள் கொள்ளாது. ஒரு பிள்ளை பெற்ற வயிறும் மாவரைத்த புஜமும் கொள்ளாது. ஆனால் முதல் குழிக்குள் அவள் கையை விரித்ததும், பேருந்தில் தெரிந்தவளுக்கு நகர்ந்து இடம் விடுகிற மாதிரி, குழி விலகி இடம் விட்டது. மூச்சு முட்டியது. இடுப்பு வலித்தது. காலை மடக்கி உதைத்தபோது முழங்காலில் ஒரு நரம்பு சுண்டி இழுத்தது. இந்த வலியெல்லாம் நியாயமாக வேறோர் உத்தியோகத்தில், வேறோர் ஊரில், பதக்கங்களோடு வரவேண்டிய வலி, அடுப்படியில் வந்து சேர்ந்துவிட்டது என்று நினைத்தாள். நினைத்த கோபத்தில் இரண்டாவது குழியைத் தாண்டினாள், மூன்றாவதைத் தாண்டினாள்.

பத்தாவது குழியில்தான் கூட்டத்துக்கு உறைத்தது. அவள் தாண்டின குழிகள் அவளுக்குப் பின்னால் மூடிக்கொண்டிருந்தன. தண்ணீர், சாதாரணத் தண்ணீர்போல, தளும்பி மட்டமாகிக்கொண்டிருந்தது.

"நிறுத்தச் சொல்லுங்கய்யா," என்று பாட்டில் கடைக்காரர் எழுந்தார். "யம்மா, ஊர்ச் சொத்தும்மா அது," என்று பூக்காரி கெஞ்சினாள். பொன்னுலிங்கம் மைக்கில், "வடிவு, வெளிய வா, பேசித் தீத்துக்கலாம்," என்றார். இருபத்தைந்து வருஷத்தில் பேசித் தீர்க்கலாம் என்று அந்த வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. அவள் தலை அப்போது தண்ணீருக்குள் இருந்தது.

இருபத்துமூன்றாவது குழியும் மூடியது. அவள் நீட்டிய இரண்டு கைகளும் சுவரோரப் பள்ளங்களுக்குள் ஒரே நேரத்தில் போய் உட்கார்ந்தன. அப்படியே கைகளை எடுத்தாள். பள்ளங்களும் கையோடு வந்துவிட்டன. குளத்தில் ஒன்றும் மிச்சமில்லை.

சொட்டச் சொட்ட மேடையேறி ஞானதிரவியம் சார் முன்னால் நின்றாள். அவர் மேஜையில் ஒரு தம்ளர் தண்ணீர் மூடி வைத்திருந்தார்கள். மூடியை எடுத்துவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் தம்ளருக்கு மேலே ஒரு நொடி காட்டினாள்.

"வெயில் ஜாஸ்தி. குடிங்க சார்," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அன்றிலிருந்து ஞானதிரவியம் சார் குடிக்க எடுத்த தண்ணீரில் எல்லாம் இரண்டு உள்ளங்கைப் பள்ளங்கள் இருந்தன. தம்ளருக்குத் தக்கபடி சின்னதாக, அண்டாவுக்குத் தக்கபடி பெரிதாக, ஒரே ஆழம், ஒரே மட்டம். குடிக்கலாம், தடையில்லை, குடிக்கிறவர் முகத்துக்கு நேரே இரண்டு கைகள் இருக்கும், அவ்வளவுதான். அவர் எடுத்தால் மட்டும் வந்தன, அவருடைய மனைவி எஸ்தருக்கு வரவில்லை.

வடகரைக்குறிச்சி ஒரு வாரம் வடிவைத் திட்டியது. ஊருக்கு இருந்த ஒரே அதிசயத்தை விழுங்கிவிட்டாள், பொம்பளைக்கு இவ்வளவு ஆங்காரம் ஆகாது என்றது. காய்க்காரர் அவளுக்குச் சொத்தைக் கத்தரிக்காயாகப் பொறுக்கிப் போட்டார். அடுத்த வாரம் விஷயம் கசிந்தது. பூக்கடை ஞானதிரவியம் சார் வீட்டுத் தெருவுக்கு இடம் மாறியது. பாட்டில் கடையும் மாறியது. பரீட்சைப் பிள்ளைகளும் கல்யாணம் கூடாத பெண்களும் அவர் வீட்டு வாசலில் வரிசை கட்டி நின்று, "சார், ஒரு வாய் குடிங்க சார், பாத்துட்டுப் போயிருதோம்," என்றார்கள். மனுஷன் நாளைக்கு முப்பது தம்ளர் குடித்தார். ஊருக்கு யார் செய்த தப்பு என்பது ஒருநாளும் விஷயமில்லை, எங்கே கும்பிட வேண்டும் என்பதுதான் விஷயம்.

மூன்றாவது வாரம் எஸ்தர் வடிவு வீட்டுக்கு வந்தாள். வடிவு மோர் கொடுத்தாள்.

"ரசத்துலயும் ரெண்டு கை, கஞ்சியிலயும் ரெண்டு கை," என்றாள் எஸ்தர். "நேத்து கேட்டேன், ஏங்க, பிந்துச்சா பிந்தலையான்னு. இருபத்தஞ்சு வருஷமா எனக்கும் வெயில் கதைதான் சொல்லிட்டிருந்தாவ. உள்ளதை எழுதிக் குடுக்கற வரைக்கும் அடுப்பு பத்தவைக்க மாட்டேன்னுட்டேன்."

"எழுதுனாவளா?"

"ரெண்டு வேளை பட்டினி கெடந்தாவ. அப்புறம் எழுதுனாவ. இன்னைக்குச் சங்கத்துல குடுத்தாச்சு." எஸ்தர் மோரைக் குடித்து முடித்தாள். "உப்பு கொஞ்சம் கம்மி."

பத்து நாளில் சங்கத்துக் கடிதம் வந்தது. நல்ல தாள், மேலே முத்திரை, கீழே பொன்னுலிங்கத்தின் கையெழுத்து. அருணகிரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார்: "தங்கள் நீண்டகால வேண்டுகோளையும், நடுவரின் உடல்நிலையையும், ஊர் மக்களின் நம்பிக்கையையும் கருத்தில்கொண்டு, சங்கம் பரிவுடன் முன்வந்து, மகளிர் நூறு மீட்டர் மார்பு நீச்சலில் தங்களுக்கு முதலிடம் வழங்க..." முழுக்கப் படிக்காமலே தாளைத் தாழ்த்தினார். "வந்துட்டு ஏட்டி. உங்கப்பா இருந்திருக்கணும்."

வடிவு கடிதத்தை வாங்கி ஒருதரம் படித்தாள். மகளின் பழைய பென்சில் டப்பாவிலிருந்து சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்து, சிஸ்டர் அடிப்பதுபோல ஸ்கேல் வைத்து நேராக, 'தங்கள்' என்பதிலிருந்து 'முன்வந்து' வரைக்கும் அடித்தாள். 'வழங்க' என்பதையும் அடித்தாள். ஓரத்தில் எழுதினாள்: 'யாரும் வழங்க வேண்டாம். நான் நீந்தி எடுத்தது. தவறு எங்களுடையது என்று மட்டும் எழுதி, தேதி போட்டுத் திரும்ப அனுப்பவும்.' உறையில் போட்டு ஒட்டினாள்.

"நாலு சொல்லுக்காகவா?" என்றார் அருணகிரி. "பாவம், அந்த மனுஷன் இன்னும் அந்தத் தண்ணியத்தானே குடிச்சிட்டிருக்காரு."

"பதிவுத் தபால் போய்ச்சேர ரெண்டு நாள், திரும்பி வர ரெண்டு நாள். இருபத்தஞ்சு வருஷத்தோட பாத்தா நாலு நாள் ஒண்ணும் அதிகம் இல்ல. குடிக்கட்டும்."

தபாலாபீஸ் திறக்க இன்னும் நேரம் இருந்தது. உறையைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு குளத்துக்குப் போனாள். வேலியைக் கழற்றியிருந்தார்கள். எதிர்ச் சுவரில் வினோதினியின் பெயரைச் சுரண்டி வெள்ளையடித்து, பெயிண்டர் ஏணியை அப்படியே சாய்த்து வைத்துவிட்டுப் போயிருந்தான். சங்கத்துக் கடிதம் இறுதியானால்தான் புதுப் பெயரை எழுதுவானாம். எழுதாத அந்த வெள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நாலாம் லேனில் இறங்கினாள். காற்றடித்தால் சுருங்குகிற, கை பட்டால் கலைகிற, யாருக்கும் எந்த வரமும் தராத தண்ணீர். நூறு மீட்டர் நீந்தினாள். போனவழியெல்லாம் பின்னால் மூடிக்கொண்டே வந்தது.

சுவரோரம் குனிந்து நிற்க யாரும் இல்லை, பந்தலும் இல்லை. இரண்டு கையாலும் தொட்டாள்.